கொத்துக்குள் போய் உட்காரும் அந்நிய ஆலைகள்: ஒரு பழைய ஆய்வோடு சில வாதங்கள்

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இங்கே ஆலை போடப் போகிறது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு விளக்கமும் தவறாமல் வரும். அந்தத் துறையில் ஏற்கெனவே நிறைய ஆலைகள் இருக்கின்றன, வெண்டர்கள் இருக்கிறார்கள், பழகிய ஆட்கள் கிடைக்கிறார்கள், அதனால்தான் வருகிறார்கள் என்று. நிலம் எடுத்துக் கொடுப்பது, வரிச்சலுகை தருவது, சாலை போடுவது எல்லாம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது. கூட்டம் இருக்கிற இடத்துக்கு வருகிறவர் நன்றாக இருப்பார். அவர் நன்றாக இருந்தால் ஊரும் நன்றாக இருக்கும். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது.

இந்த நம்பிக்கையின் முதல் பாதியை நேருக்கு நேர் மறுக்கிற ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. மைல்ஸ் ஷேவர், ஃபிரெட்ரிக் ஃப்ளையர் என்ற இருவர் 2000-ல் ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் ஜர்னலில் எழுதியது. அமெரிக்காவுக்குள் புதிதாக ஆலை போட்ட அந்நிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, கொத்துக்குள் போனவை எவை, தள்ளிப் போனவை எவை, எவை நிலைத்தன என்று பார்த்தார்கள். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சுற்றிச் சுற்றி இந்தக் கட்டுரைக்குத்தான் வருகிறார்கள். எனக்கும் இது பிடித்த கட்டுரை. ஆனால் அதைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் சில இடங்களில் இடறுகிறது. அந்த இடறல்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொத்து தரும் லாபம்

முதலில் பழைய கதை. தொழில்கள் ஓரிடத்தில் திரள்வதை 1890-லேயே ஆல்ஃப்ரெட் மார்ஷல் விளக்கிவிட்டார். அவர் சொன்னதை மூன்று சொல்லில் சுருக்கலாம்: ஆள், பொருள், அறிவு. ஒரே தொழில் ஓரூரில் குவிந்தால் அந்த வேலை தெரிந்த ஆட்கள் அங்கே திரள்வார்கள். அந்தத் தொழிலுக்கு மட்டுமே தேவைப்படுகிற பாகங்களையும் சேவைகளையும் தருகிற சின்னப் பட்டறைகள் முளைக்கும். யார் எப்படிச் செய்கிறார்கள் என்ற விஷயம் காதுவழியாகவே பரவும்.

திருப்பூரைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காஜா-பட்டன் ஒரு இடம், எம்பிராய்டரி ஒரு இடம். ஆர்டர் வாங்குகிறவரிடம் எல்லா மெஷினும் இருக்கத் தேவையில்லை. போன் நம்பர்கள் இருந்தால் போதும். இதையே 1990-களில் மைக்கேல் போர்ட்டர் 'கிளஸ்டர்' என்ற பெயரில் உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதன் பிறகு கிளஸ்டர் இல்லாத தொழில் கொள்கையே இல்லை என்று ஆகிவிட்டது.

அந்நிய நிறுவனத்துக்கு இந்த லாபம் இன்னும் அதிகம் வேண்டும் என்று தோன்றும். அதற்கு ஊர் தெரியாது, ஆள் தெரியாது, அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று தெரியாது. உள்ளூர்க்காரருக்கு இல்லாத ஒரு செலவை அயலார் எப்போதும் சுமக்கிறார்கள் என்பதை 1960-ல் ஸ்டீபன் ஹைமர் தன் முனைவர் பட்ட ஆய்விலேயே எடுத்துச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே பலர் நடந்து தேய்ந்த பாதையில் போனால் அந்தச் செலவு குறையும். எனவே கொத்துக்குள் போகிற அந்நிய ஆலை, தனியாகப் போகிறதைவிட நன்றாக நிலைக்க வேண்டும். எதிர்பார்ப்பு இதுதான்.

கம்பைண்ட் ஸ்டடி போகாத முதல் மாணவன்

ஷேவரும் ஃப்ளையரும் கேட்ட கேள்வி எளிமையானது. கொத்தில் எல்லாருக்கும் லாபம் சமமா?

கம்பைண்ட் ஸ்டடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் சேர்ந்து படிக்கிறார்கள். வகுப்பில் முதலாவதாக வருகிற பையனுக்கு அதில் என்ன கிடைக்கும்? அவனுக்குத் தெரியாதது மற்றவர்களுக்கும் தெரியாது. அவனுடைய நோட்ஸ் மட்டும் நாலு பேர் கைக்குப் போகும். கடைசி பெஞ்சுப் பையனுக்கோ இழக்க ஒன்றுமில்லை, வருவதெல்லாம் லாபம். அப்படியானால் கம்பைண்ட் ஸ்டடிக்கு ஆர்வமாக வருகிறவர்கள் யாராக இருப்பார்கள்?

நிறுவனங்களுக்கும் இதுதான் என்றார்கள் அவர்கள். நல்ல தொழில்நுட்பம், நல்ல பயிற்சி முறை, நல்ல சப்ளையர்களை வைத்திருக்கிற நிறுவனம் கொத்துக்குள் போனால் அதனிடமிருந்து கசிவதுதான் அதிகம். பயிற்சி கொடுத்த ஆளைப் பக்கத்து ஆலை ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ளும். வளர்த்துவிட்ட சப்ளையர் போட்டியாளருக்கும் சப்ளை செய்வார். அதனால் பலமானவர்கள் தள்ளிப் போவார்கள், பலவீனமானவர்கள் கூட்டத்தில் சேர்வார்கள். காப்பீட்டில் நோயாளிகளே அதிகம் சேர்வதை 'பாதகத் தேர்வு' என்பார்களே, அதேதான் இங்கும் நடக்கிறது என்பது அவர்கள் வாதம். தரவும் அப்படியே வந்தது: கொத்துக்குள் போன அந்நிய ஆலைகள் நிலைத்து நிற்பது குறைவாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த முடிவைப் பலர் 'கொத்துக்குள் போனால் கெட்டுப்போகும்' என்று படித்துவிடுகிறார்கள். கட்டுரை அதைச் சொல்லவே இல்லை. டியூஷன் போகிற பிள்ளைகளின் சராசரி மார்க், போகாத பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்காக டியூஷன் மார்க்கைக் குறைக்கிறது என்று ஆகாது. ஏற்கெனவே திணறுகிறவர்கள்தான் டியூஷனுக்குப் போகிறார்கள். கொத்து உதவி செய்தும்கூட, அங்கே போனவர்களின் சராசரி குறைவாக இருக்க முடியும். ஷேவர்-ஃப்ளையர் வாதத்தின் அழகே அதில்தான் இருக்கிறது: கொத்தில் லாபம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே, கொத்தில் இருப்பவர்கள் ஏன் சோடையாக இருக்கிறார்கள் என்று விளக்கிவிடுகிறது.

இதுவரை எனக்குச் சண்டை இல்லை. இனிமேல்தான்.

டெட்ராய்ட்டைத் தவிர்த்தவர்கள்

அமெரிக்காவுக்குப் போன அந்நிய கார் கம்பெனிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது போலிருக்கும். உலகத்தின் மிகப்பெரிய கார் கொத்து மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டைச் சுற்றி இருந்தது. ஹோண்டா 1982-ல் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் கார் செய்யத் தொடங்கியது. நிஸான் 1983-ல் டென்னசியின் ஸ்மிர்னாவில் உற்பத்தியைத் தொடங்கியது. டொயோட்டா 1988-ல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில். மூவரும் பலசாலிகள், மூவரும் டெட்ராய்ட்டுக்குள் போகவில்லை, மூன்று ஆலைகளும் இன்றும் ஓடுகின்றன.

டெட்ராய்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தது மஸ்தா. ஃப்ளாட் ராக் என்ற ஊரில் ஃபோர்டு விட்டுப்போன வார்ப்பட ஆலை இருந்த இடத்தில் 1987-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1992-ல் ஆலையில் பாதியை ஃபோர்டு வாங்கிக்கொண்டது. 2012-ல் மஸ்தா அங்கிருந்து கிளம்பிவிட்டது. ஜப்பானியரில் சின்னவர், கொத்துக்குள் போனார், நிலைக்கவில்லை. வாதம் நிரூபணமானது மாதிரித்தான் இருக்கிறது.

ஆனா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன் 1978-ல் பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லாந்தில் ஆலை போட்டது. அதுவும் டெட்ராய்ட்டுக்கு வெளியேதான். பத்தே வருடத்தில், 1988-ல், மூடிவிட்டார்கள். மிட்சுபிஷி கிரைஸ்லரோடு சேர்ந்து இல்லினாயின் நார்மல் என்ற ஊரில் 1988-ல் தொடங்கிய ஆலையும் கொத்துக்கு வெளியேதான். அது 2015-ல் மூடப்பட்டது. அப்புறம் மஸ்தா ஃப்ளாட் ராக்குக்குப் போனதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1979-லிருந்தே மஸ்தாவின் பங்கில் ஏறக்குறைய கால்வாசி ஃபோர்டிடம் இருந்தது. அது கொத்தைத் தேடிப் போனது என்பதைவிட, சம்பந்தி வீட்டுப் பக்கத்தில் குடிபோனது என்பதே பொருந்தும்.

விரல்விட்டு எண்ணக்கூடிய இந்தக் கதைகளால் ஒரு புள்ளியியல் முடிவைப் பொய்யாக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என் நோக்கம் அது இல்லை. கணக்கு சொல்கிற 'என்ன' சரியாகவே இருக்கட்டும். அதற்கு அவர்கள் சொல்கிற 'ஏன்' சரியா என்று பார்க்கத்தான் கதைகள் வேண்டும்.

முதல் ஆட்சேபம்: கசிவது எது?

பலமானவர்கள் தங்கள் ரகசியம் கசிந்துவிடும் என்று பயந்து தள்ளிப் போகிறார்கள் என்பது வாதம். டொயோட்டா பயந்ததா?

1984-ல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு வருடத்துக்கு முன் மூடிய ஆலையிலேயே, டொயோட்டாவும் ஜிஎம்மும் சேர்ந்து நம்மி என்ற கூட்டு ஆலையைத் தொடங்கின. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஜிஎம் தொழிலாளர்களே. அதே ஆட்களை வைத்து டொயோட்டா முறையில் நல்ல தரத்தில் கார் வந்தது. டொயோட்டா இங்கே தன் முறையை முதன்மைப் போட்டியாளரின் கண்முன்னாலேயே விரித்து வைத்தது. ஜிஎம் தன் மேலாளர்களை அனுப்பிப் பார்க்கவும் வைத்தது. அப்படியிருந்தும் அந்த முறை ஜிஎம்மின் மற்ற ஆலைகளுக்குப் பரவப் பல வருடங்கள் ஆயின, அதுவும் அரைகுறையாகத்தான்.

அதாவது கதவைத் திறந்து வைத்தாலே சுலபமாகக் கசியாத அறிவு அது. கன்வேயர் பக்கத்தில் கயிறு தொங்கவிடுவதைக் காப்பியடிக்கலாம். தப்பு நடந்தால் தொழிலாளி அந்தக் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்கிற நிலையைக் காப்பியடிப்பது கஷ்டம். அப்படிப்பட்ட அறிவை வைத்திருக்கிற கம்பெனி, கசிவுக்குப் பயந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போனது என்பது பொருந்தவில்லை.

அப்படியென்றால் ஏன் தள்ளிப் போனார்கள்? நிலம் மலிவு, மாநிலங்கள் கொடுத்த சலுகை, ரயில், நெடுஞ்சாலை எல்லாம் காரணம்தான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காரணம் தொழிற்சங்கம். யுஏடபிள்யூ என்ற கார்த் தொழிலாளர் சங்கத்தின் கோட்டை டெட்ராய்ட். மேரிஸ்வில், ஸ்மிர்னா, ஜார்ஜ்டவுன் மூன்றிலும் சங்கம் இல்லை. அமெரிக்கக் கூட்டாளியோடு சேர்ந்து போன நம்மியிலும், ஃபோர்டு உறவோடு போன ஃப்ளாட் ராக்கிலும், கிரைஸ்லரோடு போன நார்மலிலும் சங்கம் இருந்தது.

இந்த ஆய்வு வரிசையின் பெரிய குருட்டுப் புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன். கசிவு என்றாலே கம்பெனியிடமிருந்து கம்பெனிக்குப் போகிற தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு தொழில் ஓரூரில் ஐம்பது வருடம் இருந்தால் தொழிலாளிகளிடமும் ஒரு அறிவு திரள்கிறது. இந்த வேலைக்கு நியாயமான கூலி எவ்வளவு, லைன் வேகம் எவ்வளவு இருக்கலாம், எந்த இடத்தில் மேலாளரிடம் இல்லை என்று சொல்லலாம் என்கிற அறிவு. அதுவும் ஆலைக்கு ஆலை கசியும். பலமான அந்நிய நிறுவனங்கள் தவிர்த்தது அந்தக் கசிவைத்தான் என்றால், 'பலமானவர்கள் கொத்தைத் தவிர்க்கிறார்கள்' என்ற கண்டுபிடிப்பு நிற்கும். அதற்குச் சொன்ன காரணம் மாறிவிடும். காரணம் மாறினால் கொள்கையும் மாறும். தொழில்நுட்பம் கசியாமல் இருக்கக் காப்புரிமைச் சட்டத்தைக் கடுமையாக்கலாம். தொழிலாளி அறிவு கசியாமல் இருக்க என்ன செய்வார்கள் என்பதற்கு நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை.

2024 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தது. முதன்மைக் கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. ஆலை 2007-லிருந்தே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் சங்கம் உள்ள ஆலைகளும் இல்லாத ஆலைகளும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஒரே டீக்கடையில் இரண்டு யூனிஃபார்மும் நிற்கும். சம்பள ஒப்பந்தம் எங்கே எவ்வளவுக்கு முடிந்தது என்பது அந்த டீக்கடையில் மறைந்திருக்குமா? மார்ஷல் சொன்ன அறிவுப் பரவலில் இதையும் சேர்த்துத்தானே கணக்குப் பண்ண வேண்டும்? பண்ணுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம்: பக்கத்து வீட்டுக்காரர் யார்?

கொத்து என்பதை எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும், அந்தத் துறையின் ஆலைகளில் அல்லது வேலைகளில் எத்தனை சதவீதம் இந்த இடத்தில் இருக்கிறது என்று. அமெரிக்க ஆய்வுகள் பலவற்றில் 'இடம்' என்பது ஒரு மாநிலம். ஒரு மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காரில் போக நாள் முழுக்க ஆகலாம். டீக்கடையில் பரவுகிற விஷயத்தை மாநிலக் கணக்கில் பிடிக்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. கீத் ஹெட், ஜான் ரீஸ், டெபோரா ஸ்வென்சன் மூவரும் 1995-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1980-க்குப் பிறகு அமெரிக்காவில் கட்டப்பட்ட 751 ஜப்பானிய ஆலைகள் எங்கே போயின என்று பார்த்தார்கள். அமெரிக்க ஆலைகள் எங்கே இருந்தனவோ அந்த வழியை மட்டும் அவை பின்பற்றவில்லை. அதே துறையில் முன்னால் போன ஜப்பானிய ஆலைகள் எங்கே இருந்தனவோ அங்கே போயின. அதே கெய்ரெட்சுவைச் சேர்ந்த ஆலைகள் இருக்கிற இடத்துக்குப் போயின. கெய்ரெட்சு என்பது ஒரு பெரிய கம்பெனியைச் சுற்றிப் பங்காளிகள் மாதிரி இணைந்திருக்கும் ஜப்பானிய நிறுவனக் குடும்பம்.

ஆக, டொயோட்டா கொத்தைத் தவிர்த்தது என்று சொல்வது பாதி உண்மைதான். அமெரிக்கர்களின் கொத்தைத் தவிர்த்தது. தன்னுடைய கொத்தைக் கையோடு கொண்டுபோனது. ஆலைகளை எண்ணுகிற கணக்கில் ஜார்ஜ்டவுன் 'தனி' என்று பதிவாகும். உண்மையில் அதைச் சுற்றி சப்ளையர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதேசமயம் டொயோட்டா குடும்பத்திலேயே பெரிய பாகக் கம்பெனியான டென்சோ, மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் ஆலை போட்டது. கார் செய்கிறவர் தள்ளிப் போகிறார், அவருடைய சப்ளையர் அதே கொத்து மாநிலத்துக்குள் போகிறார். சப்ளையருக்கு டெட்ராய்ட்டில் இருப்பவர்கள் போட்டியாளர்கள் இல்லையே, வாடிக்கையாளர்கள் ஆயிற்றே!

போட்டியாளர் பக்கத்தில் இருப்பதும் வாங்குகிறவர் பக்கத்தில் இருப்பதும் ஒன்றாகாது. உள்ளூர்க்காரர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. பிரயன் எய்ட்கனும் ஆன் ஹாரிசனும் 1999-ல் வெனிசுவேலா ஆலைகளைப் பார்த்தார்கள். அந்நிய முதலீடு பெருகிய துறையில் உள்ளூர் ஆலைகளின் உற்பத்தித்திறன் ஏறவில்லை, குறைந்தது. பியாட்டா யாவோர்சிக் 2004-ல் லித்துவேனியாவைப் பார்த்தார். அந்நிய நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்கிற துறைகளில் உள்ளூர் ஆலைகளின் திறன் ஏறியது. பக்கவாட்டில் நஷ்டம், மேலிருந்து கீழாக லாபம். இரண்டையும் ஒரே 'கொத்து' எண்ணுக்குள் போட்டுக் கலக்கினால் வருகிற விடைக்கு என்ன அர்த்தம் இருக்கும்?

ஒரே கொத்தில் ஃபோர்டும் ஹுண்டாயும்

இந்த இரண்டு ஆட்சேபங்களையும் நம் பக்கத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். சென்னையில் கார்க் கொத்து 1990-களில் பிறந்தது இல்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பாடியில் டிவிஎஸ் குழுமக் கம்பெனிகள், அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கச் சின்னச் சின்ன லேத் பட்டறைகள். இந்த அடித்தளத்தின் மேல்தான் இரண்டு அந்நியக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. ஃபோர்டு முதலில் மஹிந்திராவோடு சேர்ந்து வந்து மறைமலைநகரில் ஆலை கட்டியது. ஹுண்டாய் 1996-ல் கம்பெனியைத் தொடங்கி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவை வெளியே விட்டது. ஒரே துறைமுகம், ஒரே ஐடிஐ-டிப்ளமோ ஆட்கள், ஒரே மாநில அரசு.

1996-ன் உலகத் தரவரிசையில் பலசாலி யார் என்று கேட்டால் சந்தேகமே இல்லை, ஃபோர்டுதான். ஹுண்டாய் அப்போது மலிவு கார் கம்பெனி என்று பெயர் வாங்கியிருந்தது. பலவீனமானவர் கொத்துக்குள் வருவார் என்ற வாதத்துக்கு ஹுண்டாய் பொருந்தும். அப்புறம்? ஹுண்டாய் 2008-ல் அதே இடத்தில் இரண்டாவது ஆலையைத் திறந்தது. மாருதிக்கு அடுத்த இடத்தை நீண்டகாலம் வைத்திருந்தது. 2024-ல் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்று அதுவே சொன்னது. 2022-ல் மறைமலைநகரில் கடைசி கார் இறங்கியது.

கொத்து இருவருக்கும் பொது. எனவே வித்தியாசத்தைக் கொத்தால் விளக்க முடியாது. ஃபோர்டு எஸ்கார்ட் என்ற செடானோடு வந்தது. ஹுண்டாய் சின்னக் குடும்பத்துக்கான சின்னக் காரோடு வந்தது. விலை, சர்வீஸ், அடுத்தடுத்த மாடல் என்று காரணங்கள் நீளும். ஆனால் கொத்து சம்பந்தமாகவும் ஒரு வித்தியாசம் இருந்தது. ஹுண்டாயோடு கொரியப் பாகக் கம்பெனிகளும் கூடவே வந்தன. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த சாப்பாட்டுக் கடைகள் வந்தது அதன் பிறகுதான். ஊர்க் கொத்தின் ஆட்களும் பட்டறைகளும் ஒருபக்கம், கையோடு வந்த குடும்பம் மறுபக்கம் என்று இரண்டு கொத்தையும் அது சேர்த்துப் பயன்படுத்தியது. ஷேவர்-ஃப்ளையர் அட்டவணையில் இப்படி இரண்டு கால்களில் நிற்கிற நிறுவனத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது.

கொத்துக்கு வெளியே போனவர்களையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். டொயோட்டா இந்தியாவிலும் அதே பழக்கத்தோடு பெங்களூர் பக்கம் பிடதியில் தனியே ஆலை போட்டு, சப்ளையர்களைப் பக்கத்திலேயே உட்காரவைத்தது, நிலைத்தது. ஜிஎம் குஜராத்தின் ஹாலோலில் தொடங்கியது. 2017-ல் அந்த ஆலையை மூடி, இந்தியச் சந்தையில் விற்பதையும் நிறுத்தியது. உள்ளேயும் ஒருவர் நிற்கிறார் ஒருவர் போகிறார், வெளியேயும் அப்படித்தான்.

மூன்றாவது ஆட்சேபம்: மூடினால் தோல்வியா, யாருக்கு?

செயல்திறன் என்பதை இந்த ஆய்வுகள் பல சமயம் 'பிழைத்திருப்பது' என்று அளக்கின்றன. ஆலை இருக்கிறதா இல்லையா என்பது எளிதில் தெரியும், அதனால் அது வசதி. ஆனால் ஆலை மூடுவதற்குக் காரணம் ஆலை இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

நோக்கியாவை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கியது. ஃபாக்ஸ்கான், சால்காம்ப் என்று சப்ளையர்கள் அதே வளாகத்தைச் சுற்றி வந்தார்கள். பாடப்புத்தகத்துக் கொத்து. பிறகு ஸ்மார்ட்போன் அலையில் தாய்க் கம்பெனியே சரிந்தது. கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் சென்னை ஆலை அந்த ஒப்பந்தத்துக்குள் போகவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அதையடுத்து ஃபாக்ஸ்கானும் தன் ஆலையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை இழந்தார்கள். ஆலையின் திறன் பற்றியோ அவர்களின் உழைப்பைப் பற்றியோ அந்த மூடல் எதையும் சொல்லவில்லை. அது வேறு ஒன்றைக் காட்டியது: ஒரே வாங்குபவரை நம்பிக் கட்டிய கொத்தில் லாபம் பரவுகிற அதே கம்பி வழியாகத்தான் நஷ்டமும் பரவும். ஆய்வுகளில் இது எங்கே வருகிறது? நோக்கியாவும் ஃபாக்ஸ்கானும் இரண்டு தனித்தனி மூடல்களாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவும் இல்லை. நோக்கியாவின் வளாகத்தை 2019-ல் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்தில் இப்போது ஐபோன் செய்கிறது. அமெரிக்காவிலும் இதே மாதிரிதான்: நம்மி 2010-ல் மூடிய இடத்தில் டெஸ்லா வந்தது, மிட்சுபிஷி விட்டுப்போன நார்மல் ஆலையில் ரிவியன் வந்தது. ஃபோர்டுகூட மறைமலைநகரை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்தப் போவதாக 2024-ல் அரசுக்குக் கடிதம் கொடுத்தது. நிறுவனத்தின் ஆயுளும் இடத்தின் ஆயுளும் வேறு வேறு. முதலீட்டாளரின் கண்ணில் பார்த்தால் நோக்கியா ஒரு தோல்வி. இடத்தின் கண்ணில் பார்த்தால், சாலை, மின்சாரம், ஹாஸ்டல், அசெம்பிளி வேலை பழகிய ஒரு தலைமுறை என்று சிலது மிஞ்சியது. 2014-ல் வேலை இழந்த பெண்ணின் கண்ணில் பார்த்தால் இரண்டுமே இல்லை. ஐந்து வருடம் கழித்து அதே சாலையில் வேறு ஆலை வந்தது அவளுடைய அந்த ஐந்து வருடத்துக்குப் பதில் ஆகாது.

சரி, கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். 'எல்லா நிறுவனமும் ஒன்று' என்ற சோம்பேறி எண்ணத்தை உடைத்ததற்காகவே அதைப் படிக்கலாம். கொத்தில் ஒருவர் பெறுகிறார் என்றால் இன்னொருவர் கொடுக்கிறார் என்று அது நினைவுபடுத்தியது. இதை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிற ஆய்வும் பின்னால் வந்தது. மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரிச்சர்ட் ஹார்ன்பெக், என்ரிகோ மொரெட்டி மூவரும் 2010-ல், பெரிய ஆலைக்காகப் போட்டியிட்டு வென்ற அமெரிக்கக் கவுன்ட்டிகளையும் நூலிழையில் தோற்றவற்றையும் ஒப்பிட்டார்கள். அவர்கள் காட்டிய முதல் உதாரணமே ஒரு அந்நிய ஆலைதான்: தென் கரோலினாவுக்குப் போன பிஎம்டபிள்யூ. வென்ற இடங்களில் ஏற்கெனவே இருந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் ஐந்து வருடத்தில் சுமார் 12 சதவீதம் கூடியிருந்தது. கூலியும் ஏறியது. அதாவது புதிதாக வருகிற பெரிய ஆலை, கொத்திலிருந்து பெறுவதைப் போலவே கொத்துக்குக் கொடுக்கவும் செய்கிறது. கொடுக்கிற பக்கம் நிற்கப் போகிறோம் என்று தெரிந்த நிறுவனம் அதற்கு விலை கேட்கும். சலுகை பேரம் என்பதே ஒருவகையில் அந்த விலைதான்.

என் ஆட்சேபங்களைச் சேர்த்துப் பார்த்தால் கேள்வி இப்படி மாறுகிறது. 'கொத்து அந்நிய நிறுவனத்துக்கு நல்லதா கெட்டதா' என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. பக்கத்தில் இருப்பவர் போட்டியாளரா, வாங்குபவரா, விற்பவரா? வருகிறவர் தன் சப்ளையர்களைக் கூட்டி வருகிறாரா, நம் பட்டறைகளிடம் வாங்கப் போகிறாரா? அவர் ஊரின் எந்த அறிவைத் தேடி வருகிறார், எந்த அறிவிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்? அவர் கிளம்பிப் போனால் யாரெல்லாம் கூடவே விழுவார்கள்?

ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேடையில் அறிவிக்கப்படுவது இரண்டு எண்கள்: எத்தனை கோடி, எத்தனை வேலை. உள்ளூரில் எவ்வளவு வாங்குவார்கள், எத்தனை பேர் நிரந்தரம், சப்ளையர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது வாடிக்கையாளர் இருக்கிறார் என்ற மூன்று எண்களையும் அங்கேயே கேட்டு, வருடாவருடம் பொதுவில் வைத்தால், அடுத்த ஷேவர்-ஃப்ளையர் கட்டுரையை எழுதுகிறவருக்கு மாநில அளவிலான முரட்டுக் கணக்கு தேவைப்படாது. நிலம் கொடுத்த ஊர்க்காரருக்கும் தான் எந்தக் கொத்துக்குள் இருக்கிறோம் என்று தெரியும்.